‘செல்வர் நோய்’ என்னும் கருத்தும் தென்கேரளத்து நீரிழிவு வரலாறும்: உணவு, உழைப்பு, கண்காணிப்பு

முன்னுரை

நீரிழிவின் வரலாற்றைப் பொதுவாக எழுதுவோர் அதனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றனர். முன்னோர் உழைத்து உண்டனர். நாம் உழையாது உண்கிறோம். ஆகவே நோய் வந்தது என்பது அவ்வாக்கியம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் உழைத்தும் உண்ண வழியற்றிருந்த ஒருவனுக்கு இந்நோய் வந்த வரலாற்றை இவ்வாக்கியம் தன்னுள் அடக்கிக்கொள்வதில்லை. அத்தகையோர் பலர் பதிவு செய்யப்பட்ட நிலப்பகுதிகளுள் ஒன்று தென்கேரளம்.

2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோருள் 25.5 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். கோவா (26.4), புதுச்சேரி (26.3) ஆகிய இரண்டு மட்டுமே இதனை விஞ்சின. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே மாநிலம் மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது முற்றிலும் வேறான ஒரு நீரிழிவுக்காக. மெலிந்த, வறிய, முப்பது வயது நிரம்பாத நோயாளிகளுக்காக. ஒரே பெயரால் வழங்கும் இவ்விரு நோய்நிலைகளுக்கும் இடையே உணவு எவ்வாறு மாறியது, உழைப்பு எவ்வாறு மாறியது, நோயை அளக்கும் முறை எவ்வாறு மாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. எல்லை பழைய திருவிதாங்கூர் நாட்டின் தென்பகுதி. 1956இல் விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் தமிழகத்தோடு இணையும்வரை நெய்யாற்றின்கரையும் அவையும் ஒரே அரசின்கீழ் இருந்தன. மரவள்ளிக் கிழங்கைப் பிற தமிழ் மாவட்டத்தார் அறியாத ‘மரச்சீனி’ என்னும் சொல்லால் குமரி மாவட்டத்தார் இன்றும் குறிப்பது இவ்வுறவின் எச்சமாகும்.

பெயர்களும் அவை காட்டும் குறிகளும்

‘இழிதல்’ என்பதற்கு இறங்குதல், ஒழுகுதல் என்பன பொருள். அருவி இழியும் என்பது இலக்கிய வழக்கு. நீர் மிகுதியாக இறங்கும் நோய் நீரிழிவு. கிரேக்கச் சொல்லான ‘டயபெட்டீஸ்’ என்பதற்கும் ஊடாக வழிந்து செல்லுதல் என்பதே அடிப்படைப் பொருள். தாழ்வு என்னும் பொருளில் ‘இழிவு’ இன்று பெருவழக்காகிவிட்டமையால், இப்பெயரை நோயாளியைத் தாழ்த்தும் பெயராகக் கருதி மாற்ற விரும்புவோரும் உளர். சொல்லின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

மலையாளம் வடமொழியின் ‘பிரமேகம்’ என்பதைக் கொண்டது. சித்த மருத்துவ நூல்கள் ‘மதுமேகம்’, ‘மேகம்’ என்பவற்றை ஆளுகின்றன. மேகநோய் இருபது என்னும் பகுப்பு யூகிமுனிவர் பெயரால் வழங்கும் நூலிலும் சரக, சுசுருத சங்கிதைகளிலும் ஒத்துக் காணப்படுகிறது. ஆனால் தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘மேகநோய்’ என்பது பால்வினை நோயையும் குறிக்கலாயிற்று. ஒரு நோய்ப்பெயர் நாணத்திற்குரிய மற்றொரு நோயோடு கலந்துவிடுமாயின், அதனை வெளிப்படக் கூறி மருத்துவம் தேடுவது எளிதாக இராது.

இன்று எல்லையின் இருபுறத்தும் மக்கள் வழங்கும் பெயர் ‘சுகர்’ என்பதே. ‘எனக்குச் சுகர் இருக்கிறது’ என்றும் ‘சுகர் எவ்வளவு?’ என்றும் பேசுகிறோம். முதல் தொடரில் அது நோய். இரண்டாவதில் அது ஓர் எண். நீரிழிவு என்னும் பெயர் நோயாளி தாமே கண்ட குறியிலிருந்து பிறந்தது. எறும்பு மொய்த்தலைக் கண்டு அறிந்ததும் அத்தகையதே. சிறுநீரிலும் உடலிலும் எறும்பு அடைதலைச் சரக சங்கிதை முன்குறியாகக் கூறுகிறது. ‘சுகர்’ என்பதோ கருவி கண்டு சொன்னால் அன்றி நோயாளிக்குத் தெரியவராத ஒன்றின் பெயர். உடலில் எவ்வகை வருத்தமும் தோன்றாதிருக்கும்போதே ஒருவர் நோயாளி ஆகிவிடும் காலத்திற்கு உரிய பெயர் அது. கண்காணிப்பின் வரலாறு இப்பெயர் மாற்றத்திற்குள்ளேயே அடங்கியுள்ளது எனலாம்.

பத்தியம்: மிகையும் குறையும்

சுசுருத சங்கிதை மேக நோயாளரை இரு வகையினராகப் பிரிக்கிறது. பிறப்பொடு வருவது ஒன்று. அபத்தியத்தால், அதாவது தகாத உணவு நடத்தைகளால் வருவது மற்றொன்று. முன்னவர் மெலிந்தவர், வறண்ட மேனியர், குறைவாக உண்பவர். பின்னவர் பருத்தவர், மிக உண்பவர், படுக்கையும் உறக்கமும் விரும்புபவர். இன்றைய முதலாம் வகை, இரண்டாம் வகை என்னும் பிரிவுகளை இதனோடு அப்படியே பொருத்திக் காட்டுவது சில கட்டுரைகளில் வழக்கமாக உள்ளது. அவ்வளவு விரைந்து பொருத்துதல் தகாது. மெலிந்தவனுக்கும் இந்நோய் உண்டு என்னும் செய்தி அந்நூலிலேயே உள்ளது என்ற அளவே இங்கு நமக்கு வேண்டுவது.

அந்நூல் கூறும் மருத்துவத்தில் வேறொரு கூறும் கருதத்தக்கது. பொருளற்றவன் செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காது நூறு யோசனை தொலைவு நடக்க வேண்டும். செல்வன் சாமை, காட்டு நெல் முதலிய எளிய தானியங்களை உண்டு வாழ வேண்டும். உழவன் கிணறு வெட்ட வேண்டும். நோய் ஒன்றாயினும் நோயாளியின் வாழ்நிலைக்கு ஏற்ப மருத்துவம் வேறுபடுகிறது. செல்வன் மட்டுமே இந்நோய்க்கு உரியவன் என அந்நூலார் கருதியிருப்பின் பொருளற்றவனுக்கெனத் தனிமுறை வகுத்திருக்க வேண்டியதில்லை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் முதல் ஏழு குறள்கள் உணவின் அளவையும் செரித்தலையும் பற்றியவை. முதற்குறள் மிகுதி, குறைவு என்னும் இரண்டும் நோய் செய்யும் என்கிறது. எவை மிகுதலும் குறைதலும் என்பதற்குப் பரிமேலழகர் உணவையும் செயல்களையும் எழுவாயாகக் கொள்கிறார். உண்பதோடு உழைப்பையும் சேர்த்து எண்ணிய அவ்வுரை ஆழமானது. குறைந்த உணவும் மிகுந்த உழைப்பும் ஒருங்கே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் வழியை அது திறந்தே வைத்திருக்கிறது. பிற்கால மருத்துவம் அவ்வழியை நெடுங்காலம் அடைத்து வைத்திருந்தது.

‘செல்வர் நோய்’ உருவான விதம்

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எக்சீட்டர் நகரில் கூடிய பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், வெப்பமண்டல நாடுகளில் நீரிழிவு என்னும் பொருள் விவாதிக்கப்பட்டது. கல்கத்தாவில் பணியாற்றிய ஆங்கில மருத்துவரும் வங்காள மருத்துவரும் அதற்குக் கருத்துரை வழங்கினர். வழக்கறிஞர், நீதிபதி, அரசு அலுவலர், நிலவுடைமையாளர் என மேல்தட்டு வங்காளியரிடையே இந்நோய் பரவியிருப்பது அங்கு முதன்மைச் செய்தியாயிற்று. அமர்ந்து செய்யும் பணி, மனவுளைச்சல், அரிசியும் இனிப்பும் மிகுந்த உணவு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. இக்கருத்து இனம், இடம், வர்க்கம் என்பவற்றோடு எவ்வாறு பின்னிக் கிடந்தது என்பதை வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு 2009இல் எழுதிய கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி சான்றின் தன்மை பற்றியது. அம்மருத்துவர்கள் கண்டவர்கள் யார்? கட்டணம் கொடுத்து மருத்துவரை நாடக்கூடியவர்கள். சிறுநீரைச் சோதிக்க ஒரு மருத்துவர் தேவைப்பட்ட காலத்தில், மருத்துவரை அடையாதவனுக்கு நோய் இருப்பதாக எந்த ஏட்டிலும் பதியப்பட வாய்ப்பில்லை. வயலில் மெலிந்து இறந்தவனுக்குக் காய்ச்சல் என்றோ சோகை என்றோ காரணம் எழுதப்பட்டிருக்கும். ஆகவே ‘செல்வர் நோய்’ என்பது ஓரளவுக்கு நோயின் இயல்பைக் கூறியது. ஓரளவுக்கு மருத்துவமனைக் கதவின் அகலத்தைக் கூறியது. இவற்றைப் பிரித்தறிய மக்களிடையே வீடு வீடாகச் சென்று அளக்கும் முறை வேண்டியிருந்தது.

அம்முறை திருவிதாங்கூரில் இல்லாமலில்லை. 1920களின் இறுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்புப் பணி இங்குத் தொடங்கியது. வீடுதோறும் மலம் சேகரித்துப் புழுமுட்டைகளை எண்ணினர். 1933இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை அமைந்தது. ஆனால் அக்கண்காணிப்புக்கு ஒரு முடிவு இருந்தது. புழு நீங்கினால் பணியாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நீரிழிவு போன்ற நெடுநோயில் அளத்தல் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். அத்தகைய உறவுக்கு அன்றைய அரசிடம் ஆளும் இல்லை, பொருளும் இல்லை. தேவை இருப்பதாக எவரும் எண்ணவுமில்லை.

கப்பையும் கணையமும்

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி போர்த்துகீசியர் வழியே மலையாளக் கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா அதனைத் திருவிதாங்கூரில் பரப்ப முனைந்தவர் என்பது பரவலாக அறிந்த செய்தி. மேட்டு நிலத்திலும் செம்மண் சரிவிலும் விளையும். மிகுந்த பராமரிப்பு வேண்டாம். குச்சியை ஒடித்து நட்டால் போதும். நெல் விளையாத துண்டு நிலம் வைத்திருந்த எளியவனுக்கு இது கைகொடுத்தது.

கப்பை துணையுணவாக இருந்தவரை சிக்கலில்லை. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெற்ற நாடு. பர்மா அரிசியே அதற்கு ஊன்றுகோல். 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அவ்வரவு நின்றது. பங்கீட்டு அரிசி போதவில்லை. வங்காளப் பஞ்சம் உலகறிந்தது. அதே ஆண்டுகளில் திருவிதாங்கூரின் சேர்த்தலைப் பகுதியில் மக்கள் பட்டினியால் மடிந்தது அவ்வளவாக அறியப்படவில்லை. அங்குத் துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்ட கே. ஜி. சிவசுவாமி முதலியோர் 1943-44ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றித் தனி நூலே எழுதினர். அவ்வாண்டுகளில் கப்பை ஏழை வீடுகளின் முதலுணவாயிற்று. அதனோடு மீன் கிடைத்த வீடு ஓரளவு தப்பியது. மீனும் கிடைக்காத வீட்டில் மாவுச்சத்து மட்டுமே மிஞ்சியது; கிழங்கில் புரதம் மிகவும் குறைவு.

இப்பின்னணியில்தான் மருத்துவர் பி. ஜே. கீவர்கீசு அவர்களின் ஆய்வு அமைகிறது. கேரளத்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றிய அவர், வழக்கமான நீரிழிவு விளக்கத்துக்குள் அடங்காத நோயாளிகளைத் தொடர்ந்து கண்டார். சிறுவயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி. சில ஆண்டுகளில் நீரிழிவு. எலும்பும் தோலுமான உடல். எண்ணெய்ப் பசையோடு கழியும் மலம். வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் கணையத்தில் கற்கள் தெரியும். பெரும்பாலோர் இளவயதினர், வறியவர். நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் திரட்டி அவர் எழுதிய ‘கணைய நீரிழிவு’ என்னும் பொருளிலான ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே 1955இல் சமைக்காவிலும் 1959இல் இந்தோனேசியாவிலும் ஊட்டக்குறைவோடு கூடிய நீரிழிவு பற்றிய குறிப்புகள் வெளியாகியிருந்தன. எனினும் இத்தனை நோயாளிகளை ஒரே நிலப்பகுதியில் இத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்த பணி பிறிதொன்று இல்லை எனலாம்.

காரணம் எது என்னும் வினாவுக்கு 1979இல் மக்மில்லனும் கீவர்கீசும் ஒரு விடை முன்வைத்தனர். கப்பையில் சயனைடு வெளிப்படுத்தும் பொருள்கள் உண்டு. உடல் அதனை நஞ்சு நீக்கி வெளியேற்றக் கந்தகம் செறிந்த அமினோ அமிலங்கள் தேவை. புரதம் குறைந்த உடலில் அவை போதா. எனவே நஞ்சு கணையத்தைச் சிதைக்கிறது என்பது அவர்களின் கருதுகோள். கப்பையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவதும் மீனோடு சேர்த்து உண்பதுமாகிய கேரளத்துச் சமையல் மரபு இந்நஞ்சுக்கு எதிரான அனுபவ அறிவே என்று இதனால் விளங்கும். வடித்த நீரைக் கால்நடைக்கும் வைக்கலாகாது என்று இங்குள்ள முதிய பெண்டிர் கூறுவர்.

கருதுகோள் நிலைபெறவில்லை. கப்பை உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. கப்பையே முதலுணவான ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் இது அரிதாக இருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த மரபணு ஆய்வுகள் இந்நோயாளிகள் பலரிடம் குறிப்பிட்டதொரு மரபணு மாற்றத்தைக் கண்டன. இவற்றால் கீவர்கீசின் பணி பயனற்றதாகிவிட்டது என்று கருதுவோர் உளர். கப்பை குற்றவாளியா என்பது ஒரு வினா. வறியவனுக்கும் நீரிழிவு உண்டா என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு அவர் தந்த விடை தளர்ந்தது. இரண்டாவதற்கு அவர் தந்த விடை தளரவேயில்லை. அதனை ஏற்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவை ஒரு தனி வகையாக வகைப்பாட்டில் சேர்த்தது. 1999இல் அது நீக்கப்பட்டது. கணையக் கல் நோய் ‘பிற வகைகள்’ என்னும் தொகுப்புக்குள் சென்றது. கல் இல்லாத, மெலிந்த, வறிய நோயாளிக்கோ வகைப்பாட்டில் இடமே இல்லாமற் போயிற்று.

நீலக் கரைசல்

கண்காணிப்பு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வடிவம் பெனடிக்ட் கரைசல் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய இந்நீலக் கரைசலில் சில துளிச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப நிறம் மாறும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என ஏறிச் செங்கல் நிறத்தை எட்டினால் மிகுதி. சோதனைக் குழாய், அதைப் பிடிக்க மரக்கவ்வி, சிறிய ஸ்பிரிட் விளக்கு ஆகியவை நடுத்தர வீடுகளின் குளியலறை மாடங்களில் 1980கள் வரையிலும் இருந்தன. நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது வழக்கம். முன்னாள் இரவு உண்ட பாயசத்தை மறுநாள் காலை நிறம் காட்டிக்கொடுக்கும். உண்பதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நோயாளி கண்ணால் கண்டு கற்ற முதல் பள்ளி அதுவே.

இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றிப் பெரும்பாலோர்க்குச் சிறுநீரில் அது இறங்குவதில்லை. எனவே சிறுநீரை மட்டும் சோதித்த தொடக்ககாலக் கணக்கெடுப்புகள் நோயைக் குறைத்தே காட்டின. 1972 முதல் 1975 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அகமதாபாத், கல்கத்தா, கட்டாக், டெல்லி, புனே, திருவனந்தபுரம் ஆகிய ஆறு மையங்களில் 34,194 பேரிடம் குளுக்கோசு கொடுத்து இரத்தம் சோதித்தது. பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருள் நகரத்தில் 2.1 விழுக்காடு, சிற்றூரில் 1.5 விழுக்காடு என்பது முடிவு. இடைவெளி சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘செல்வர் நோய்’ என்னும் கருத்து உறுதியாக இருந்திருந்தால் நகரமும் சிற்றூரும் இவ்வளவு நெருங்கி நின்றிரா. அன்று இவ்வெண்கள் அச்சத்தை ஊட்டவில்லை. இரண்டு விழுக்காட்டு நோய், காசமும் வயிற்றுப்போக்கும் கொன்றுகொண்டிருந்த நாட்டில் முன்னுரிமை பெறாதது இயல்பே.

கடலோரம், இடைநாடு, மலைநாடு

2000ஆம் ஆண்டில் இராமன்குட்டி, சோமன் முதலியோர் வெளியிட்ட தென்கேரள ஆய்வு இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. அவர்கள் ஒரே வட்டாரத்தை நகரம், இடைநாடு, மலைநாடு, கடலோரம் என நிலவகையால் பிரித்து இரண்டாம் வகை நீரிழிவை அளந்தனர். நகரத்தில் 12.4, இடைநாட்டில் 8.1, மலைநாட்டில் 5.8, கடலோரத்தில் 2.5 விழுக்காடு என அமைந்தது. திணைக் கோட்பாட்டில் பழகிய நமக்கு நிலமும் தொழிலும் உணவும் ஒன்றையொன்று பற்றி நிற்பது புதிதன்று. ஆனால் சில மணி நேரப் பயணத்திற்குள் அடங்கும் பரப்பில் நோயின் அளவு ஐந்து மடங்கு வேறுபடுவது வியப்பளிப்பதே. கட்டுமரம் தள்ளுதல், வலை இழுத்தல், மீன்கூடை சுமந்து நடத்தல் என்று உடலுழைப்பு ஓயாத கரையில் நோய் குறைவு. இதனைக் கொண்டு கடலோர வாழ்வை நலவாழ்வின் உருவகமாகப் பாராட்டிவிட முடியாது. நெருக்கடியான குடியிருப்பு, தூய நீரின்மை, கடலில் உயிரிழப்பு ஆகியவற்றை இவ்வொரு விழுக்காடு ஈடுசெய்வதில்லை.

இடைநாட்டின் மாற்றமே அடுத்த இருபதாண்டுகளின் எண்களை விளக்குவது. 1970களின் நடுப்பகுதியில் கேரளத்து நெல்வயல் ஏறத்தாழ 8.8 இலட்சம் எக்டேர். 2010களில் அது இரண்டு இலட்சம் எக்டேர் அளவுக்குச் சுருங்கியது. ஞாறு நடுதல், களை பறித்தல், கதிர் சுமத்தல் என்னும் உழைப்பு வடிவங்கள் வயலோடு மறைந்தன. அவற்றைச் செய்தவருள் பெரும்பாலோர் பெண்கள். வளைகுடா வருவாய் வீட்டைக் கட்டியது. நியாயவிலை அரிசி பசியைப் போக்கியது. சோற்றின் அளவு குறையவில்லை, அதனைச் செரித்த உழைப்பு குறைந்தது. பரிமேலழகர் கூறிய இரண்டு எழுவாய்களுள் ஒன்று நிற்க மற்றொன்று நகர்ந்துவிட்டது.

இன்னுமொரு கருத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1944-45ஆம் ஆண்டு டச்சுப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் நடுவயதில் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் குறைந்தோராயிருந்தனர் என்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. புனே அருகே ஆறு சிற்றூர்களில் 1993 முதல் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வு, எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்தும் கொழுப்பு அவ்வளவாகக் குறையாமலும் இருப்பதை வெளிப்படுத்தியது. அதே 1940களில்தான் திருவிதாங்கூர் கப்பையைத் தின்று உயிர் பிழைத்தது. அக்காலத்தில் கருவுற்ற தாய்மாரின் மக்கள் 1990களில் ஐம்பது வயதை எட்டினர். இன்றைய மிகையின் நோய்க்குள் அன்றைய குறையும் ஒளிந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

வாக்குச்சாவடி, அயற்கூட்டம், செயலி

நோய் மருத்துவமனையில் தொடங்குவதில்லை என்பது தெளிவான பின், அளக்கும் பணி அண்டை வீட்டாரிடம் வந்தது. 1998இல் தொடங்கிய குடும்பசிரீ மகளிர் அமைப்பின் ஒரு பிரிவான ‘சாந்துவனம்’ இதற்கு நல்ல சான்று. பயிற்சி பெற்ற பெண்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எடையும் அளந்து, அதற்கு ஒரு சிறு கட்டணம் பெறுவர். அது அவர்களின் தொழில். அதே வேளையில் ஊரின் கண்காணிப்பு. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தி விரலில் ஊசி குத்தும்போது அச்சம் குறைகிறது. மற்றவர் எண் அவளுக்குத் தெரிந்துவிடுகிறதே என்னும் தயக்கமும் கூடவே வருகிறது.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் 2013 முதல் நடைபெற்ற கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் இன்னும் நுட்பமானது. அறுபது வாக்குச்சாவடிப் பகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நோய் வரும் வாய்ப்பு மிகுந்த, முப்பது முதல் அறுபது வயதுக்குட்பட்ட 1,007 பேர் பங்கேற்றனர். ஒரு பாதியினர் சிறு குழுக்களாகக் கூடித் தம்முள் ஒருவரைத் தலைவராகக் கொண்டு ஓராண்டுக் காலம் உணவு, நடை, புகை, மது ஆகியவற்றில் மாற்றம் கொள்ள முயன்றனர். பின்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உருவான முறை இவ்வூருக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருந்தது. 2018இல் வெளியான முடிவுப்படி, இரண்டாண்டின் இறுதியில் குழுவினருள் 14.9 விழுக்காட்டினருக்கும் மற்றவருள் 17.1 விழுக்காட்டினருக்கும் நோய் வந்திருந்தது. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு உறுதியானதன்று. ஆனால் காய்கனி உண்ணுதல் கூடியது. மது அருந்துதல் குறைந்தது. இத்திட்டம் தோற்றது என்று ஒரு வரியில் எழுதுவது நேர்மையாகாது. வென்றது என்று எழுதுவதும் அவ்வாறே. இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006இல் வெளியிட்ட முடிவில், தனித்தனியே அறிவுரை பெற்றோரிடம் நோய் வருதல் 28.5 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. அங்குப் பயிற்சி பெற்ற வல்லுநர் ஒவ்வொருவரையும் நேரடியாகத் தொடர்ந்தனர். ஊர்க்குழுவால் அதனை இரண்டாண்டில் எட்ட முடியாதது வியப்பன்று. பழக்கம் என்பது பழகியதன் பயன். நாற்பது ஆண்டுப் பழக்கத்தை ஓராண்டுக் கூட்டங்கள் எவ்வளவு அசைக்கும்?

2022 முதல் கேரள அரசின் ஆசா பணியாளர்கள் ‘சைலி’ என்னும் கைப்பேசிச் செயலியோடு முப்பது வயது கடந்தோரை வீடுதோறும் கணக்கெடுத்துள்ளனர். ‘ஜீவிதசைலீ ரோகம்’ என்னும் மலையாளத் தொடரிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் வாழ்வியல் நோய் என்கிறோம். இத்தொடர் ஆய்வுக்குரியது. பத்தியம் என்னும் பழைய சொல் நோய் வந்தபின் மருந்தோடு சேர்த்துக் கொள்ளும் ஒழுங்கைக் குறித்தது. அது காலவரையறை உடையது. வாழ்வியல் நோய் என்னும் தொடர் வாழ்க்கை முழுவதையுமே பத்தியத்திற்குள் கொண்டுவருகிறது. அதோடு, பிழை நோயாளியின் தேர்வில் இருக்கிறது என்னும் பொருளையும் உள்ளே வைத்துள்ளது. வயல் மறைந்தது நடவு நட்டவளின் தேர்வு அன்று.

இக்கண்காணிப்புகள் பயன்படுத்தும் அளவுகோலை இறுதியாக நோக்க வேண்டும். 2005இல் சென்னையில் உருவாக்கப்பட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் எளியது; ஒரு நாடாவும் மூன்று கேள்விகளும் போதும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோயுண்டா என்பவற்றைக் கொண்டு நூற்றுக்கு மதிப்பிட்டு, 60ஐ எட்டியவரை இடர் மிகுந்தோர் என்கிறது. நெய்யாற்றின்கரைத் திட்டமும் இதனையே கொண்டது. பெருவாரியானவரை விரைந்து கண்டறிய இதனினும் ஏற்ற முறை அரிது. ஆனால் முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவருக்கு வயதுக்கான மதிப்பெண் இல்லை. ஒட்டிய இடுப்புக்கு மதிப்பெண் இல்லை. பெற்றோருக்கு நோயில்லாத, இருபத்தெட்டு வயதுள்ள, மெலிந்த கூலித்தொழிலாளி ஒருவர் எவ்வாறு கணக்கிட்டாலும் 60க்கு அருகில் வரமாட்டார். முப்பது வயதில் தொடங்கும் வீட்டுக் கணக்கெடுப்பும் அவர் பெயரைக் கேட்காது. கீவர்கீசின் நோயாளிகளுள் பெரும்பாலோர் இந்த வயதும் இந்த உடலும் உடையவர்கள்.

அத்தகையோர் அருகிவிட்டனர் என்பது பொதுவாக உண்மையே. கணையக் கல் நோயே இன்று குறைந்துவிட்டது. எனினும் கல் இல்லாத மெலிந்த நோயாளிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க ஆய்வாளர் மெரிடித் ஹாக்கின்சு குழுவினரோடு சேர்ந்து ஆராய்ந்து, அவர்களின் நோய் முதலாம் வகையும் இரண்டாம் வகையும் ஆகாதது என 2022இல் வெளியிட்டனர். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என ஏற்றது. 1999இல் வகைப்பாட்டிலிருந்து இறங்கிய பெயர் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் எண்ணாகத் திரும்பியுள்ளது. முப்பது வயதில் தொடங்கும் வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கான கேள்வியைச் சேர்ப்பதும், கேட்கும் வயதைக் கீழே இறக்குவதும் மாநில அரசுகளின் கையில் உள்ளன.